கேழ்வரகு கடல் கடந்த கதை

பெங்களூர்ப் பிரேசர் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேழ்வரகைப் பற்றி நாம் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் கண்டோன்மெண்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த முன்னோர் கூழும் களியும் உண்டு வளர்ந்தவர்கள். வந்து சேர்ந்த ஊரிலும் அதே தானியத்தைத்தான் கன்னட மக்கள் முத்தே என்று உருட்டி உண்டுகொண்டிருந்தார்கள். மொழி வேறாக இருந்தபோதிலும் அடுப்பில் கொதித்தது ஒன்றே. இத்துணை நெருங்கிப் பழகிய இத் தானியம் நம் நாட்டில் பிறந்ததன்று என்றால் நேயர்களில் சிலர் நம்பத் தயங்கக்கூடும்.

கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரையிலுள்ள அந்தப் பகுதியில் மக்கள் அதனைப் பயிர்செய்யக் கற்றுச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கடல்வழியே அது நம் நாட்டிற்கு வந்ததும் மிகப் பழங்காலத்திலேயே. இன்றும் கென்யாவில் அதனை விம்பி என்கிறார்கள். எத்தியோப்பியாவில் டகுசா என்கிறார்கள். கென்யாக் குடிசைகளில் காலையில் காய்ச்சும் உஜி என்ற கஞ்சியை நம் பாட்டிமார் பார்த்தால் கூழ் என்றே சொல்வார்கள்.

ஆப்பிரிக்காவின் சிறு நிலக்காரர்களுக்குப் புதிய வேளாண்மை முறைகளும் விதைகளும் கருவிகளும் எவ்வாறு எட்டும் என்ற கேள்வி உலகெங்கும் பேசப்படுகிறது. ஆராய்ச்சி நிலையங்களில் நல்ல விதைகள் இருக்கின்றன. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மழையை நம்பி வாழும் குடியானவர் வீட்டில் அவை இருப்பதில்லை. இடைவெளி எங்கே இருக்கிறது? இதனை ஆராய நாம் உடனே நைரோபிக்குப் புறப்பட வேண்டியதில்லை. பிரேசர் டவுனிலிருந்து வடக்கே சில கல் தொலைவிலுள்ள ஹெப்பாளிலிருந்து தொடங்கலாம்.

1899ஆம் ஆண்டில் மைசூரின் மகாராணி ரீஜென்டாக இருந்த கெம்பநஞ்சம்மண்ணியார் ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலத்தைப் பயிர் ஆராய்ச்சிக்கென்று அளித்தார். லேமன் என்பவர் அங்கே பணி தொடங்கினார். அவருக்குப் பின் கனடாவிலிருந்து வந்த லெஸ்லி கோல்மன் வேளாண்மைப் பள்ளியையும் ஆராய்ச்சியையும் வளர்த்தார். பின்னாளில் மண்டியாவுக்கருகே விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பண்ணை ஏற்பட்டது. நமது கதையின் நாயகரான சி. எச். லட்சுமணய்யா கேழ்வரகில் உழைத்தது அந்தப் பண்ணையில்தான். கன்னட நாட்டுக் குடியானவர்கள் அவரை 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தார்கள். ஒரு விஞ்ஞானிக்குப் பயிரின் பெயரையே அடைமொழியாக மக்கள் சூட்டுவது எளிதில் வாய்க்கும் பெருமையன்று.

கேழ்வரகில் இரு வகைகளை மணமுடித்து வைப்பது அரிய காரியம். அதன் பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. பொழுது விடியுமுன்பே மலர்ந்து தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். நெல்லில் செய்வது போலக் கத்தரியும் இடுக்கியும் கொண்டு ஆண் உறுப்பை நீக்குவது இங்கே பெரும்பாடு. ஆகவே இரு வகைக் கதிர்களையும் அருகருகே சேர்த்துக் கட்டிவிடும் முறையொன்றைக் கையாண்டார்கள். கோயம்புத்தூரில் சிறுதானிய நிபுணராக இருந்த ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் 1930களிலேயே இதனை விளக்கியிருந்தார். தந்தைச் செடி ஊதா நிறமுடையது, தாய்ச் செடி பச்சை நிறமுடையது என்று வைத்துக்கொள்வோம். தாய்க் கதிரின் மணிகளை விதைத்தால் பெரும்பாலான நாற்றுக்கள் பச்சையாகவே வரும். எங்கோ ஒன்றிரண்டு ஊதாவாகத் தலைகாட்டும். அவையே கலப்பில் பிறந்தவை. ஆயிரக்கணக்கான நாற்றுக்களிடையே அவற்றைத் தேடிப் பிடித்து, தனியே நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வர வேண்டும். ஒரு வகை நிலைபெறப் பல ஆண்டுகள் செல்லும்.

லட்சுமணய்யா முதலில் நம் நாட்டு வகைகளையே ஒன்றோடொன்று கலந்து அருணா, உதயா, பூர்ணா, அன்னபூர்ணா, காவேரி, சக்தி முதலிய வகைகளைத் தந்தார். அதன் பின்னரே ஆப்பிரிக்கக் கேழ்வரகின் பக்கம் திரும்பினார். அந்த வகைகளுக்குத் தண்டு தடித்திருக்கும், கதிர் பெரியதாக இருக்கும், ஆனால் விளைய நெடுநாள் ஆகும். நம் வகைகளோ விரைவில் விளைந்து நன்றாகத் தூர் கட்டும், கதிர் மட்டும் சிறுத்திருக்கும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடலால் பிரிந்திருந்த இவ்விரு கிளைகளையும் அவர் மீண்டும் ஒன்று சேர்த்தார். பிறந்த வகைகளுக்கு இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரண்டின் பெயரையும் இணைத்து 'இண்டாஃப்' என்று பெயர் வைத்தார்கள். 1970கள் தொடங்கி இண்டாஃப் வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. முன்மழையில் விதைக்க ஒன்று, பின்பருவக் குளிரைத் தாங்க ஒன்று, கோடையில் கிணற்று நீரைக் கொண்டு விளைவிக்கக் குறுகிய வயதுடைய ஒன்று என்று பருவத்திற்கேற்ப அவை அமைந்தன. பிற்காலத்தில், 1990களில், குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 என்ற வகை பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதன் முன்னோர்களிலும் இண்டாஃப் உண்டு.

இவ்வகைகள் பரவியதன் காரணத்தையே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். கேழ்வரகு தன்மகரந்தப் பயிர். ஒருமுறை நல்ல விதை கையில் கிடைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு வேண்டியதைக் களத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ளலாம், குணம் மாறாது. அண்டை வீட்டுக்காரர் ஒரு படி கேட்டால் கொடுக்கலாம். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கும் ஒரு முடிச்சு அனுப்பலாம். ஏக்கருக்கு வேண்டிய விதையோ மிகச் சிறிது. ஆதலால் அரசாங்கக் கிடங்கு கொடுத்த விதை ஒரு பங்கு என்றால், உறவும் நட்பும் கொண்டு சேர்த்தது பல பங்கு. மேலும், பழைய கலப்பை, பழைய விதைப்புக் கருவி, பழைய களை எடுக்கும் முறை இவற்றில் எதையும் மாற்றாமலேயே புதிய விதையைப் பயிரிட முடிந்தது. குடியானவர் புதிதாக ஏற்க வேண்டியது விதை ஒன்றே.

இதில் அடங்கிய பாடத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிறு நிலக்காரர் பழமையில் ஊறியவர், புதுமையை வெறுப்பவர் என்று பட்டணத்தார் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வாறு சொல்வது அநீதி. ஐம்பது ஏக்கர் உள்ளவர் ஓர் ஏக்கரில் சோதனை செய்து தோற்றால் அவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி குறையும். இரண்டு ஏக்கர் உள்ளவர் தோற்றால் அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு உணவு இல்லை. அவர் தயங்குவது அறியாமையினால் அன்று. தம் நிலைமையை நன்றாக அறிந்திருப்பதனால்.

தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டில் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டம் இதனை உணர்ந்து செய்யப்பட்டது. சிறு நிலக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கால் ஏக்கருக்கு மட்டும் போதுமான வீரிய மக்காச்சோள விதையும் உரமும் அதில் இருந்தன. எஞ்சிய நிலத்தில் அவர் தம் பழைய வழியிலேயே பயிர் செய்யலாம்; புதியதை ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டிலும் 'மினிகிட்' என்று சிறு விதைப் பைகளைக் கொடுத்துக் குடியானவரே சோதித்துப் பார்க்கச் செய்த வழக்கம் உண்டு. அளவு சிறுத்திருப்பதே இத்தகைய திட்டங்களின் பலம் என்பது நமது கருத்து.

ஆயினும் மக்காச்சோளம் கேழ்வரகு அன்று. வீரிய மக்காச்சோளத்தின் விதையை எடுத்து வைத்து மறுமுறை விதைத்தால் முன்போல விளையாது. ஆண்டுதோறும் கடையில் வாங்கியாக வேண்டும். அங்கே கேள்வி ஆராய்ச்சி நிலையத்தை விட்டுச் சந்தைக்கு வந்துவிடுகிறது. வாங்குவது மெய்யான சரக்கா, போலியா? உகாண்டாவின் கடைகளில் வாங்கிய சரக்கைச் சோதித்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி திகைப்பூட்டுவது. உரத்தில் இருக்க வேண்டிய சத்தில் 30 விழுக்காடு குறைவு. வீரிய விதை என்று விற்றதில் உண்மையான விதை பாதிக்கும் கீழே. இந்த நிலைமையில் புதிய விதையை வாங்காத உகாண்டாக் குடியானவரை எவ்வாறு குறை சொல்வது?

ஆனால் தான்சானியாவில் வேறொரு புதுமையைக் கண்டார்கள். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியின்படி அங்கே கடைகளில் விற்ற யூரியா பெரும்பாலும் சரியான சத்துடையதாகவே இருந்தது. குடியானவர்களோ அது கலப்படம் என்றே நம்பினார்கள். ஈரம் பட்டுக் கட்டி தட்டிப்போன உரத்தைக் கண்டு ஐயுற்றார்கள். சரக்கு நல்லதாக இருந்தும் நம்பிக்கை இல்லாததனால் அது நிலத்திற்குப் போகவில்லை. ஓரிடத்தில் பொய்ச் சரக்கு. மற்றோரிடத்தில் மெய்ச் சரக்கின்மேல் பொய்யான ஐயம். இரண்டும் சேர்ந்தே குடியானவரை நிறுத்தி வைக்கின்றன.

ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2006ஆம் ஆண்டில் அபூஜா நகரில் கூடியபோது ஹெக்டேருக்குச் சராசரி 8 கிலோவாக இருந்த உரச்சத்துப் பயன்பாட்டை 2015க்குள் 50 கிலோவாக உயர்த்துவது என்று முடிவு செய்தார்கள். குறித்த ஆண்டு வந்து சென்றது; இலக்கு எட்டப்படவில்லை. துறைமுகத்திலிருந்து உள்நாட்டிற்கு லாரி வைத்துக் கொண்டுபோகும் செலவு ஒரு காரணம். மற்றொரு காரணம் மிக எளியது, ஆதலால் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாதது. மேற்குக் கென்யாவில் சில ஆராய்ச்சியாளர்கள் அதனைச் சோதித்தார்கள். அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நாளில் குடியானவரை அணுகி, அடுத்த பருவத்திற்கு வேண்டிய உரத்திற்கு இப்போதே பணம் கட்டினால் வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். விலையில் தள்ளுபடி எதுவுமில்லை. பருவம் தொடங்கும் நாளில் பாதி விலைக்குக் கொடுத்தால் எத்தனை பேர் வாங்குவார்களோ, ஏறத்தாழ அத்தனை பேர் முழு விலைக்கே வாங்க முன்வந்தார்கள். தை மாதத்தில் கையிலிருக்கும் பணம் ஆடி மாதத்தில் இருப்பதில்லை என்பது நம் ஊர்க் குடியானவருக்கும் தெரிந்த செய்திதானே!

விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிச் சொன்னோம். செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானொலியினராகிய நமக்கு அதில் தனி அக்கறை உண்டு. தஞ்சை மாவட்டத்தில் 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் பரவியபோது மக்கள் அதனை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். திருச்சி வானொலி அந்த நெல்லின் சாகுபடி முறையை நாள்தோறும் எடுத்துரைத்ததே காரணம். அதற்கும் முன்னால், 1956இல், பூனா வட்டாரத்துச் சிற்றூர்களில் யுனெஸ்கோவின் உதவியோடு வானொலிக் கிராம மன்றங்கள் நடந்தன. ஊர்மக்கள் ஓரிடத்தில் கூடிக் கேட்டு, கேட்டதை விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்பினார்கள். பேசுகிறவருக்குக் கேட்கிறவர் பதில் சொல்லும் வழி அதில் இருந்தது.

இந்த வழி இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு ஒரு செய்தி. கனடா வானொலியில் வேளாண்மை ஒலிபரப்பாளராக இருந்த ஜார்ஜ் அட்கின்ஸ் 1975ஆம் ஆண்டில் ஜாம்பியாவுக்குச் சென்றிருந்தார். அங்கே ஆப்பிரிக்க ஒலிபரப்பாளர் ஒருவரோடு உரையாடியபோது, அவருடைய நிலையம் டிராக்டரின் 'ஸ்பார்க் பிளக்' பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது என்று அறிந்தார். கேட்போர் எத்தனை பேரிடம் டிராக்டர் உண்டு என்றால், ஏறக்குறைய ஒருவரிடமும் இல்லை! எருதுகளை வளர்ப்பது எப்படி என்பதைத்தான் அவர்கள் கேட்க விரும்பினார்கள். மேல்நாட்டிலிருந்து வந்த உரைகளை அப்படியே படித்ததன் விளைவு இது. 1979 முதல் அட்கின்ஸ் சிறு நிலக்காரருக்குப் பயன்படும் எளிய உரைகளை எழுதுவித்துப் பல நாட்டு நிலையங்களுக்கும் அனுப்பத் தொடங்கினார்.

பெங்களூர் இத்துறைக்கு மற்றொரு கொடையும் அளித்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் இந் நகரிலிருந்த மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ரிகின் காந்தி என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். கிரீன் பவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கர்நாடகச் சிற்றூர்களில் குடியானவர்கள் தம் வயலில் செய்வதைப் படம் பிடித்து, மாலையில் அக்கம்பக்கத்து ஊர்களில் போட்டுக் காட்டினார்கள். படத்தை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்க உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். பார்ப்பவர்கள் முதலில் கேட்டது உரத்தின் அளவையோ விதையின் பெயரையோ அன்று. படத்தில் வருபவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதையே! தம்மைப் போன்ற ஒருவர், தம்முடையதைப் போன்ற மண்ணில் செய்கிறார் என்று தெரிந்த பின்னரே மற்றவை காதில் ஏறின. 16 ஊர்களில் 13 மாதங்கள் நடந்த சோதனையில், வழக்கமான பயிற்சி முறையைக் காட்டிலும் ஏழு மடங்கு மிகுதியாக மக்கள் புதிய முறைகளைக் கைக்கொண்டார்கள் என்று கண்டார்கள். 'டிஜிட்டல் கிரீன்' என்ற பெயரில் தனி நிறுவனமாகிய அது பிறகு எத்தியோப்பியாவுக்கும் சென்றது. டகுசா விளையும் ஊர்களின் குடியானவர்களும் இன்று அவ்வாறே ஒருவரையொருவர் படத்தில் பார்த்துக் கற்கிறார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்காச்சோளத்திற்கும் சோளத்திற்கும் பெரும் பகையாக உள்ளது ஸ்ட்ரைகா என்னும் ஒட்டுண்ணிக் களை. நம் கரும்பு வயல்களில் சுடுமல்லி என்று சொல்கிறோமே, அதன் இனம். மேலே அழகிய பூப் பூக்கும். கீழே பயிரின் வேரைப் பற்றிச் சாற்றை உறிஞ்சும். 1990களில் நைரோபியிலுள்ள பூச்சி ஆராய்ச்சி மையத்தில் இந்தியரான ஜியாவுர் கான் தலைமையில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தின் துணையோடு ஒரு வழி கண்டார்கள். மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்ற கொடியை விதைப்பது. வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நடுவது. கொடியின் மணம் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டும். புல்லின் மணம் அதனைத் தன்பால் இழுக்கும். கொடியின் வேரிலிருந்து கசியும் பொருள் களையின் விதையை முளைக்கத் தூண்டி, பற்றிக்கொள்ள விடாமல் சாகச் செய்யும். கொடியும் புல்லும் மாட்டுக்குத் தீவனமாகும். மருந்து வாங்கும் செலவு இல்லை. இத்தனை நல்ல முறைக்கும் தடையாக நின்றது எது? டெஸ்மோடிய விதை போதிய அளவு கிடைக்காததே. பல குடியானவர்கள் விதைக்குக் காத்திராமல் அண்டை வயலிலிருந்து கொடியையே வெட்டி வந்து நட்டுக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் முல்லைக் கொடியைப் பதியன் போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. கேழ்வரகு நாற்று நடுவதும் களை எடுப்பதும் கதிர் அறுப்பதும் இங்கும் அங்கும் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆனால் நிலப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இருப்பது அரிது. பத்திரம் இல்லாதபோது கடன் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இடம் இல்லை. அதிகாரி வந்து கூப்பிட்டால் பயிற்சிக்குப் போகிறவர் வீட்டு ஆடவர். வயலில் நிற்பவர் ஒருவர், கற்பிக்கப்படுபவர் மற்றொருவர் என்றால் புதிய முறை எங்ஙனம் வேரூன்றும்?

இனி, விளைந்ததைக் காப்பது. பிரேசர் டவுன் தோன்றிய வரலாறே இதனோடு ஒருவாறு தொடர்புடையது. 1898ஆம் ஆண்டில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்து பேரழிவு செய்தது. தானியம் குவிந்த இருண்ட நெருக்கமான வீடுகளில் எலிகள் பெருகியிருந்தன. அந்த எலிகளின் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன் பயனாக, எலி குடிபுக இடமளியாத வீடுகளும் வெளிச்சமும் காற்றும் உலவும் தெருக்களும் கொண்ட புதிய குடியிருப்பை, ஸ்டீபன்ஸ் என்ற நகராட்சிப் பொறியாளர் அமைத்தார். 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதற்கு ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இடப்பட்டது. இன்று புலிகேசி நகர் என்பது அதன் அரசாங்கப் பெயர். மக்கள் வாயில் பழைய பெயரே நிற்கிறது.

அக் காலத்து மைசூர்ச் சிற்றூர்களில் கேழ்வரகை எலிக்கும் பூச்சிக்கும் எட்டாமல் வைக்க வேறொரு வழி இருந்தது. ஹகேவு என்னும் ஆழ்ந்த நிலக்குழியை வெட்டி, தானியத்தை நிரப்பி, வாயை மண்ணால் அடைத்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் தானியம் கெடாது. உள்ளே சிறைப்பட்ட காற்றிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடுவதனால் பூச்சி உயிர் வாழ முடியாது. குழியைத் திறந்தவுடன் இறங்கினால் மனிதரும் மூச்சுத் திணறி மாள்வர் என்பதனால், நெடுநேரம் திறந்து வைத்த பிறகே இறங்குவது வழக்கம்.

இதே தத்துவத்தை ஒரு பைக்குள் அடக்கியிருக்கிறார்கள் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார். 1980களின் இறுதியில் கேமரூன் நாட்டுக் குடியானவர்களின் காராமணியை வண்டு அரிப்பதைத் தடுக்க லாரி மர்டாக் என்பவரும் அவர் குழுவினரும் கண்ட வழி அது. உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே நெய்த சாக்கு. காய்ந்த தானியத்தை நிரப்பி, ஒவ்வோர் உறையின் வாயையும் தனித்தனியே முறுக்கி இறுகக் கட்ட வேண்டும். வண்டுகள் உள்ளிருக்கும் காற்றைத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். மருந்து வேண்டியதில்லை.

2007ஆம் ஆண்டு முதல் மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் இப் பையைப் பரப்பியபோது அவர்கள் கையாண்ட முறை நமக்குப் பிடித்திருக்கிறது. ஊர்க்காரர் ஒருவரின் தானியத்தையே வாங்கி எல்லார் முன்னிலையிலும் பையில் நிரப்பிக் கட்டி, அந்த ஊரிலேயே விட்டு வந்தார்கள். சில மாதங்கள் சென்ற பிறகு நாள் குறித்து ஊரைக் கூட்டினார்கள். பெரியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் சூழ்ந்து நிற்கக் கட்டை அவிழ்த்தார்கள். யார் வேண்டுமானாலும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம்; மணி ஓட்டையாக இருக்கிறதா, முழுதாக இருக்கிறதா என்று பல்லால் கடித்தும் பார்க்கலாம்.